சுவிட்சின் மென்பொருளை மாற்றுமுன் திரும்பி வரும் வழியைத் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

"சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பாதவர்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் குறைவு. பல வேளைகளில் கணினியும் சேர்வரும் நன்றாகவே இருக்கும். மாடிப்படிக்குக் கீழேயோ பழைய கோவைகள் அடுக்கிய அறையின் மூலையிலோ பூட்டிக் கிடக்கும், கணினிகளை எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புச் சுவிட்ச்தான் படுத்திருக்கும். அதற்கும் ஓர் இயக்க மென்பொருள் உண்டு. அதைப் புதுப்பிக்காமல் விட்டாலும் தொல்லை, அவசரப்பட்டுப் புதுப்பித்தாலும் தொல்லை. குளிரூட்டிய அறையும் இரட்டை மின்வழங்கலும் இருக்கும் என்று எண்ணித்தான் வழிகாட்டிகள் எழுதப்படுகின்றன. நம் பக்கத்து அலுவலகங்கள், வைத்தியசாலைகள், பாடசாலைகளின் நிலைமை வேறு. அதனால்தான் இக்கடிதம்.

ஏன் புதுப்பிக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 2018 மார்ச்சில் சிஸ்கோ நிறுவனம் தன் சுவிட்சுகளிலுள்ள 'ஸ்மார்ட் இன்ஸ்டோல்' என்ற, சுவிட்சைத் தொலைவிலிருந்து அமைக்கும் வசதியில் சி.வி.இ.-2018-0171 என்று இலக்கமிட்ட பாதுகாப்பு ஓட்டையை அறிவித்தது. அடுத்த சில நாட்களில், ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், அதே வசதி வழியாக ஈரானிலும் ரஷ்யாவிலும் பல சுவிட்சுகளின் கன்ஃபிக் (சுவிட்சுக்கு எழுதிக் கொடுத்த அமைப்பு வரிகள்) அழிக்கப்பட்டு, அமெரிக்கக் கொடியின் உருவமும் ஓர் எச்சரிக்கை வாசகமும் மட்டும் எஞ்சின. 2023 ஒக்டோபரில் சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஈ. இயக்க மென்பொருளின் நிர்வாக வெப் பக்கத்தில் சி.வி.இ.-2023-20198 என்ற ஓட்டை வெளிவந்தது. பத்துக்குப் பத்து என்ற உச்ச அபாயப் புள்ளி பெற்ற அதன் வழியாக, கடவுச்சொல் இல்லாமலே நிர்வாகக் கணக்கொன்றை உருவாக்கிவிடலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் நாட்டு அரச முகில் கட்டமைப்பு தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்காமல் போயின. அதன் பிறகு சேர்வர்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். சுவிட்சைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் எல்லா ஓட்டைக்கும் நள்ளிரவில் ரீலோட் (மறுதொடக்கம்) கொடுக்க வேண்டியதில்லை. ஸ்மார்ட் இன்ஸ்டோல் திறந்திருக்கிறதா என்று 'ஷோ வி-ஸ்டேக் கன்ஃபிக்' என்ற கட்டளை காட்டிவிடும். திறந்திருந்தால் 'நோ வி-ஸ்டேக்' என்ற ஒரே வரி போதும், அந்த வசதி பாவிக்கும் 4786ஆம் டி.சி.பி. போர்ட் (மென்பொருள் வாசல்) மூடிவிடும். வெப் பக்கத்தைப் பாவிக்காத இடத்தில் 'நோ ஐ.பி. எச்.டி.டி.பி. சேர்வர்', 'நோ ஐ.பி. எச்.டி.டி.பி. செக்யூர்-சேர்வர்' என்ற இரு வரிகள் இரண்டாவது ஓட்டையின் வாசலை அடைக்கும். எழுதிய பின் சேமிக்கவேண்டும், அவ்வளவுதான். இந்த மூன்று வரிகளை இன்றே எழுதிவிட்டு, மென்பொருள் மாற்றத்தை ஆறுதலாகத் திட்டமிடுவதே எங்கள் ஆலோசனை. மாற்றும்போதும் ஆகப் புதிய பதிப்பின் பின்னால் ஓட வேண்டாம். உற்பத்தியாளர் தன் பதிவிறக்கப் பக்கத்தில் நட்சத்திரக் குறியிட்டுப் பரிந்துரைக்கும் பதிப்பை எடுப்பதே நல்லது.

இனி மின்சாரம். நம் பிரதேசத்தில் இந்த வேலை கெடுவதற்கு முதற் காரணம் இதுதான். சனி, ஞாயிறு அலுவலகம் வெறுமையாக இருக்கும் என்று நாள் குறிப்பார்கள். மின்விநியோக நிறுவனமும் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்த அதே சனி, ஞாயிறைத்தான் தேடும். மின்தடை அறிவித்தலைப் பார்க்காமல் நாள் குறிக்கக் கூடாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழைக் காலம், ஏப்ரலும் அப்படித்தான். அந்த மாதங்களில் செய்தே ஆகவேண்டுமென்றால் காலையில் செய்யுங்கள். அறிவித்தல் இல்லாமலும் போகும் என்பதற்கு, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகலில் நாடு முழுக்க மின்சாரம் போனது ஒன்றே போதும்.

'யூ.பி.எஸ். இருக்குதானே' என்பார்கள். கணக்குப் பார்ப்போம். கடைகளில் சாதாரணமாக விற்கும் 650 வி.ஏ. யூ.பி.எஸ். தரக்கூடியது ஏறத்தாழ 360 முதல் 390 வாட். கேபிள் வழியே கமெராவுக்கும் தொலைபேசிக்கும் வைஃபை பெட்டிக்கும் மின்சாரம் கொடுக்கும் பி.ஓ.ஈ. சுவிட்சில் அந்த ஒதுக்கீடு மட்டும் 370 வாட் வரை போகும். சுவிட்ச் தனக்கு எடுப்பது வேறு. சுமை முழுதாக இருந்தால் மின்சாரம் போன அந்தக் கணமே யூ.பி.எஸ். விழுந்துவிடும். சுமை 150 வாட்தான் என்று வைத்தாலும், உள்ளேயிருக்கும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரியில் இருப்பது 84 வாட்-மணி. தாளில் அது அரை மணித்தியாலம். இவ்வளவு வேகமாகச் சுமை இழுக்கும்போது ஈயப் பற்றரி பாதியைத்தான் தரும் என்பதால், புதிய பற்றரியே ஒரு கால் மணித்தியாலம் தாங்கினால் பெரிது. சூடான கச்சான் காற்றுக் காலம் இரண்டு மூன்றைப் பூட்டிய பெட்டிக்குள் கழித்த பற்றரிக்கு ஐந்து நிமிடம்கூட உத்தரவாதமில்லை. புதிய மென்பொருளுடன் பெரிய சுவிட்ச் முதல் முறை எழும்ப 20 நிமிடத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆகவே வேலைக்கு முதல் நாள் யூ.பி.எஸ்.ஸின் சுவர் பிளக்கைக் கழற்றி, உண்மையான சுமையுடன் அது எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள். வேலையின்போது தேவையற்ற பி.ஓ.ஈ. கேபிள்களைக் கழற்றி வையுங்கள். ஜெனரேற்றர் உள்ள இடத்திலும் யூ.பி.எஸ். வேண்டும். ஜெனரேற்றர் பாரமேற்கும் வரையான சில விநாடி இடைவெளியே சுவிட்சை விழுத்தப் போதும். மலிவான சில யூ.பி.எஸ்.கள் ஜெனரேற்றரின் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை ஏற்காமல் பற்றரியிலேயே தொடர்ந்து ஓடி முடிந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது பிரதி எடுப்பது. 'ரன்னிங் கன்ஃபிக்' (இப்போது ஓடும் கன்ஃபிக்) கோப்பை மட்டும் எடுத்து வைத்துவிட்டு எல்லாம் பத்திரம் என்று நினைப்பது பரவலான பிழை. வி.டி.பி. சேர்வர் நிலையில் (வி.லான் பட்டியலை மற்றச் சுவிட்சுகளுக்குப் பகிரும் நிலை) இருக்கும் சிஸ்கோ சுவிட்சில், வலையமைப்பைப் பகுதிகளாகப் பிரிக்கும் வி.லான்களின் பட்டியல் அந்தக் கோப்பில் இருக்காது. மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் 'விலான் டொட் டாட்' என்ற தனிக் கோப்பில் இருக்கும். இரண்டையும் எடுக்கவேண்டும். கூடவே 'ஷோ வெர்ஷன்', 'ஷோ பூட்', 'ஷோ இன்டர்ஃபேஸ் ஸ்டேட்டஸ்', 'ஷோ இன்வென்ட்ரி' ஆகியவற்றின் வெளியீட்டையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் பதிந்து வையுங்கள். எந்தப் போர்ட் (கேபிள் செருகும் துளை) முன்பு வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. இல்லாவிட்டால் நாலு வருடமாகச் செத்துக் கிடந்த போர்ட்டின் பழியும் அன்றைய வேலையின் தலையில் விழும்.

சேமிக்காத கன்ஃபிக் இதைவிட ஆபத்தானது. வருடக்கணக்கில் ரீலோட் ஆகாத சுவிட்சில் யார் யாரோ வந்து எழுதிய வரிகள் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் 'ரைட் மெமரி' கொடுத்துச் சேமித்திருக்க மாட்டார்கள். ரீலோட் கொடுக்கும்போது 'மாற்றங்களைச் சேமிக்கவா' என்று சுவிட்ச் கேட்கும். அவசரத்தில் 'நோ' அடித்தால் அந்த வரிகள் எல்லாம் போச்சு. பிறகு 'புது மென்பொருள் சரியில்லை' என்று பழைய பதிப்புக்குத் திரும்பினாலும் கோளாறு தீராது, ஏனென்றால் கோளாறு மென்பொருளில் இல்லை. சேமித்ததற்கும் ஓடிக்கொண்டிருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை 'ஷோ ஆர்க்கைவ் கன்ஃபிக் டிஃபரன்சஸ்' கட்டளையால் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

மென்பொருள் கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஒப்பந்தம் இல்லை என்பதால் யாரோ ஒருவரின் பென் டிரைவிலிருந்தோ பெயர் தெரியாத தளத்திலிருந்தோ எடுப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். 2015 செப்டெம்பரில் வெளிவந்த 'சின்ஃபுல் நொக்' விவகாரத்தில் சிஸ்கோ ரௌட்டர்களில் இருந்தது கள்ளக்கதவு வைத்துத் திருத்திய ஐ.ஓ.எஸ். கோப்பு. பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. சிஸ்கோவின் பாதுகாப்பு அறிவித்தலில் உங்கள் மாதிரி பாதிக்கப்பட்டது என்றிருந்தால், பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் தொடர் இலக்கத்தையும் அந்த அறிவித்தலின் இணைப்பையும் கொடுத்து அவர்களின் தொழில்நுட்ப உதவி மையத்திடம் திருத்திய பதிப்பை இலவசமாகக் கேட்கலாம். எந்த வழியில் வந்தாலும், சுவிட்சுக்குள் ஏற்றிய பின் 'வெரிஃபை எம்.டி.5' கொடுத்து, கோப்பின் கைரேகைபோல் வரும் இலக்கத்தை உற்பத்தியாளர் பக்கத்தில் உள்ளதுடன் ஒப்பிடுங்கள். லப்டொப்பில் ஒப்பிட்டது போதாது. லப்டொப்பிலிருந்து சுவிட்சுக்குப் போகும் வழியிலும் கோப்பு சிதையும்.

அந்த வழி டி.எஃப்.டி.பி. (கோப்பு அனுப்பும் பழைய எளிய முறை) என்றால் இரண்டு இடத்தில் தடக்கும். ஒன்று, லப்டொப்பின் விண்டோஸ் ஃபயர்வோல் யூ.டி.பி. 69ஆம் போர்ட்டை மறித்துக்கொண்டிருக்கும். சுவிட்சுக்குப் பிங் (தொடர்புச் சோதனை) போகும், கோப்பு மட்டும் 'டைம் அவுட்' என்று நிற்கும். இரண்டு, 512 பைட் துண்டுகளாக அனுப்பி அவற்றை 65,535 வரை மட்டுமே எண்ணத் தெரிந்த பழைய டி.எஃப்.டி.பி. சேர்வர்கள் 32 மெகாபைட்டில் நின்றுவிடும். சிஸ்கோவின் சிறிய 2960 ரக சுவிட்சின் கோப்பு அதற்குள் அடங்கும். 9300 ரகத்தின் கோப்பு ஒரு ஜிகாபைட் அளவு வரும் என்பதால் அதற்கு டி.எஃப்.டி.பி.யை நினைக்கவே வேண்டாம். எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவை நேரடியாகச் சுவிட்சில் செருகி கொப்பி செய்யுங்கள்.

இனி இங்கு அதிகம் நடக்கும் விபத்து. பழைய 2960 சுவிட்சில் ஃபிளாஷ் 32 மெகாபைட்தான். புதிய கோப்புக்கு இடம் போதாது என்று வந்ததும் பழைய மென்பொருளின் '.பின்' கோப்பை முதலில் அழித்துவிட்டுப் புதியதை ஏற்றத் தொடங்குவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் ரேமில் இருப்பதால், அழித்த பிறகும் சுவிட்ச் ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்யும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் சுவிட்ச் எழும்ப உள்ளே ஒன்றுமில்லை. முதலில் அழிக்க வேண்டியது வெப் பக்கத்துக்கான 'எச்.டி.எம்.எல்.' கோப்புறையும், யாரோ விட்டுப்போன கிராஷ்-இன்ஃபோ (பழுதுப் பதிவு) கோப்புகளும்தான். அதற்குப் பிறகும் இடமில்லை என்றால் பழைய கோப்பை அழிக்கத்தான் வேண்டும். அழிக்குமுன் அதன் பிரதி லப்டொப்பில் இருக்கிறதா, யூ.பி.எஸ். முதல் நாள் சோதனையில் தேறியதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். புதிய கோப்பு ஏறி எம்.டி.5 ஒத்துப்போகும்வரை ரீலோட் கொடுக்கக் கூடாது. எந்தக் கோப்பிலிருந்து எழும்புவது என்று சொல்லும் 'பூட் சிஸ்டம்' வரியில் கோப்பின் பெயரைக் கையால் தட்டாமல் 'டிர் ஃபிளாஷ்' காட்டுவதிலிருந்து கொப்பி செய்து ஒட்டுங்கள். ஒரு கோடோ புள்ளியோ விடுபட்டாலும் சுவிட்ச் அந்தக் கோப்பைத் தேடிக் களைத்து நின்றுவிடும்.

அப்படி நின்றால், கன்சோல் (சுவிட்சை லப்டொப்புடன் தனிக் கேபிளால் நேரடியாக இணைக்கும் வழி) திரையில் 'சுவிட்ச்' என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் மட்டும் தெரியும். சுவிட்ச் செத்துவிட்டது என்று இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். சாகவில்லை. 'ஃபிளாஷ் இனிட்' கொடுத்து, 'டிர் ஃபிளாஷ்' கொடுத்துப் பாருங்கள். நல்ல கோப்பு அங்கே இருந்தால் 'பூட் ஃபிளாஷ்' என்று எழுதி அந்தக் கோப்பின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் எழும்பிவிடும். எழும்பியதும் பூட் வரியைத் திருத்திச் சேமியுங்கள். ஃபிளாஷில் கோப்பே இல்லையென்றால் கன்சோல் கேபிள் வழியே எக்ஸ்-மோடெம் முறையில் ஏற்றவேண்டும். கன்சோலின் வழக்கமான வேகமான 9600இல் 15 மெகாபைட் கோப்பு ஏற நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். அதே இடத்தில் 'செட் போட் 115200' கொடுத்து லப்டொப்பின் டேர்மினலையும் அதே வேகத்துக்கு மாற்றினால் அரை மணித்தியாலத்தில் முடியும். வேலை முடிந்ததும் 'அன்செட் போட்' கொடுக்க மறந்தால் அடுத்து வருபவருக்குக் கன்சோலில் கிறுக்கல் எழுத்துகள்தான் தெரியும்.

இதற்கெல்லாம் கன்சோல் கேபிள் கையில் இருக்கவேண்டும். இன்றைய லப்டொப்பில் சீரியல் போர்ட் இல்லை, யூ.எஸ்.பி. மாற்றி வேண்டும், அந்த மாற்றிக்கு டிரைவர் வேண்டும். சுவிட்ச் விழுந்த பிறகு டிரைவரைப் பதிவிறக்க இணையம் இருக்காது! முதல் நாளே பொருத்தி, 9600, 8, பாரிட்டி இல்லை, 1, ஃபுளோ கன்ட்ரோல் இல்லை என்று அமைத்து, உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்த்து வையுங்கள். கொழும்பிலிருந்து எஸ்.எஸ்.எச். (வலையமைப்பு வழியாகத் தூரத்திலிருந்து நுழையும் முறை) மூலம் செய்து தருகிறோம் என்பவர்களிடம் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எழும்பாவிட்டால் கன்சோலைப் பிடிக்க இங்கே யார் நிற்பார்?

சிஸ்கோவின் 9200, 9300 ரகங்களில் முறை வேறு. 'ஷோ வெர்ஷன்' வெளியீட்டின் அடியில் 'இன்ஸ்டோல்' (பேக்கேஜ்களாகப் பிரித்து ஏற்றிய நிலை) என்றோ 'பண்டில்' (ஒரே '.பின்' கோப்பாக ஓடும் நிலை) என்றோ இருக்கும். இன்ஸ்டோல் என்றால் பூட் வரி 'பேக்கேஜஸ் டொட் கொன்ஃப்' கோப்பைக் காட்டவேண்டும். அது பழைய '.பின்' கோப்பையே காட்டிக்கொண்டிருந்தால் எத்தனை முறை இன்ஸ்டோல் செய்தாலும் பழைய பதிப்பே வரும். இடம் காண 'இன்ஸ்டோல் ரிமூவ் இனாக்டிவ்' கொடுத்து, கோப்பை ஏற்றி, 'ஆட்', 'ஆக்டிவேட்', 'கமிட்' என்ற மூன்று படியையும் முடிக்கவேண்டும். ஆக்டிவேட் செய்து சுவிட்ச் எழும்பியதும் வேலை முடிந்தது என்று கமிட் கொடுக்காமல் வீட்டுக்குப் போனால், உள்ளேயிருக்கும் நேரக்கணிப்பான் முடிந்ததும் சுவிட்ச் தானாக ரீலோட் ஆகிப் பழைய பதிப்புக்குத் திரும்பும். 'பேய் பிடித்த சுவிட்ச்' என்று சொல்லப்படும் சிலவற்றின் கதை இதுதான். உண்மையில் இது நல்ல ஏற்பாடு. புதிய பதிப்பைச் சோதிக்கக் கிடைக்கும் கால அவகாசம் அது. கமிட் செய்த பிறகும் ஒரு கிழமைக்காவது பழைய பேக்கேஜ்களை அழிக்காதீர்கள்.

முதல் பூட்டில் சில பதிப்புகள் சுவிட்சை எழுப்பும் ஆரம்ப மென்பொருளான பூட்லோடரையும் சேர்த்து மாற்றும். திரை அசையாது, விளக்கு மாத்திரம் மின்னும். பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்கினால் கன்சோலாலும் மீட்க முடியாத நிலைக்குப் போகலாம். கன்சோலைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பதும் வேலைதான். பல சுவிட்சுகளை ஒன்றுபோல் இயங்கும் ஸ்டேக்காகக் கட்டியிருந்தால் எல்லாம் ஒரே பதிப்பில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் 'ஷோ சுவிட்ச்' வெளியீட்டில் ஒன்று 'வி-மிஸ்மேட்ச்' என்று ஒதுங்கி நிற்கும், அதன் போர்ட்கள் எதுவும் வேலை செய்யாது.

அருபா, பழைய புரோகேர்வ் சுவிட்சுகளில் மென்பொருள் வைக்கப் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு இடம் உண்டு. புதியதைச் செகண்டரியில் ஏற்றி, 'பூட் சிஸ்டம் ஃபிளாஷ் செகண்டரி' கொடுத்தால் பழையது பிரைமரியில் கைபடாமல் இருக்கும். நம் சூழலுக்கு இதைவிட ஏற்ற அமைப்பு இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம். ஜூனிப்பர் ஈ.எக்ஸ். சுவிட்சுகளின் தொல்லை வேறு. அவை சிறு கணினிபோல் கோப்பு முறைமையை எழுதிக்கொண்டே இருப்பதால், திடீர் மின்வெட்டுகள் அதைச் சிதைக்கும். உள்ளே நுழைந்ததும் 'பேக்கப் இமேஜிலிருந்து பூட் ஆகியுள்ளது' என்ற எச்சரிக்கை வந்தால், மென்பொருளைப் புதுப்பிக்கும் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் 'ரிக்வெஸ்ட் சிஸ்டம் ஸ்னப்ஷொட்' மூலம் சிதைந்த முதன்மைப் பகுதியைச் சீராக்குங்கள். மின்தடை அறிவித்த நாளில் 'ரிக்வெஸ்ட் சிஸ்டம் ஹால்ட்' கொடுத்து ஒழுங்காக நிறுத்துவதும் நல்லது.

மாற்றி முடித்த பின் வரும் கோளாறுகளில் முதலில் பார்க்க வேண்டியது ஃபைபர் இணைப்பு. மலிவாக வாங்கிய வேறு நிறுவன எஸ்.எஃப்.பி.களை (ஃபைபரைச் சுவிட்சுடன் இணைக்கும் செருகிகள்) சிஸ்கோ ஏற்காமல் போர்ட்டை 'எர்-டிசேபிள்' ஆக்கி முடக்கும். 'சேர்விஸ் அன்சப்போர்ட்டெட்-ட்ரான்சீவர்' என்ற வரியை யாரோ முன்பு எழுதியும் சேமிக்காமல் விட்டிருந்தால், ரீலோட்டோடு அது போய் மாடிக்கு மாடி இருந்த இணைப்பும் போய்விடும். பழைய புட்டி மென்பொருளால் எஸ்.எஸ்.எச். நுழைய முடியாவிட்டால் சுவிட்சைக் குறை சொல்லாதீர்கள். புதிய பதிப்புகள் பலவீனமான குறியாக்க முறைகளைக் கைவிட்டிருக்கும், புட்டியைப் புதுப்பித்தால் சரி. எதுவுமே எழும்பாமல் நின்றால் வன்பொருளையும் சந்தேகியுங்கள். 2005க்கும் 2010க்கும் இடையில் ஒரு வழங்குநர் தயாரித்த நினைவகச் சில்லுகள், இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய கருவிகளில் நிறுத்தி மீண்டும் இயக்கும்போது செயலிழக்கலாம் என்று சிஸ்கோவே 2014இல் அறிவித்தது. அத்தகைய பெட்டி எந்த மின்வெட்டிலும் போயிருக்கக் கூடியது, மென்பொருள் மாற்றியவர் அகப்பட்டுக்கொண்டார், அவ்வளவே.

பெறுகைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களிடம் சில கேட்கிறோம். கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) போர்ட் எண்ணிக்கையும் விலையும் மட்டும் இருந்தால் போதாது. எத்தனை ஆண்டுக்கு மென்பொருள் திருத்தங்கள் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இங்கே பரவலாக இருக்கும் 2960-எக்ஸ் ரகத்துக்கான சிஸ்கோவின் ஆதரவு 2027 ஒக்டோபரோடு முடிகிறது. அதன் பிறகு மலிவு விலைக்கு வருகிறதென்று அதை வாங்குவது மிச்சமல்ல. சுவிட்சோடு கன்சோல் கேபிளும், இப்போது ஓடும் மென்பொருளின் கோப்பும் கன்ஃபிக் பிரதியும் அடங்கிய பென் டிரைவும் ஒப்படைக்கப்படவேண்டும் என்ற வரியைச் சேருங்கள். மத்திய சுவிட்ச் விழுந்தால் மாற்றி வைக்க அதே ரகத்தில் ஒன்று கொழும்புக் களஞ்சியத்தில் இருப்பதில் பயனில்லை. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் அதை வெள்ளக் காலத்தில் எப்போது கொண்டுவந்து சேர்ப்பது? மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒன்று இருக்கவேண்டும். கடவுச்சொல்லை எழுதி உறையிலிட்டு நிர்வாக உத்தியோகத்தரின் பெட்டகத்தில் வையுங்கள். உத்தரவாதக் காலம் முடிந்து வழங்குநரின் ஆள் வேறு வேலைக்குப் போன பிறகு, கடவுச்சொல் தெரியாமல் சொந்தச் சுவிட்சுக்குள் நுழையவே அலுவலகங்கள் அதன் 'மோட்' பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை இனியும் வேண்டாம்.

இப்படிக்கு,
வலையமைப்புத் தொழில்நுட்பவியலாளர் சிலர்,
மட்டக்களப்பு – கல்முனை.